ஒரே பட்டனில் ஹோம் தியேட்டர்: ரிமோட் மேக்ரோ எப்படி வேலை செய்கிறது?

ஹாலில் ஒரு டிவி, அதற்குக் கீழே ஏவி ரிசீவர் (மற்றக் கருவிகளின் படத்தையும் சத்தத்தையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி), பக்கத்தில் டிடிஎச் செட்டாப் பாக்ஸ், ஒரு புளூ-ரே பிளேயர். செய்தி பார்க்க வேண்டுமென்றால் டிவி ரிமோட்டை எடுத்து பவர், ரிசீவர் ரிமோட்டை எடுத்து பவர், செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் பவர், மறுபடி ரிசீவர் ரிமோட்டில் சரியான இன்புட், அதற்குப் பிறகுதான் சேனல் நம்பர். வயர் இணைத்தவருக்கு இது கைப்பழக்கமாகிவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு ஆகாது. "படம் தெரியுது, சத்தம்தான் வரலைப்பா" என்று அம்மா ஆபீசுக்குப் போன் செய்வதெல்லாம் இதனால்தான். பெரும்பாலும் ரிசீவர் வேறு இன்புட்டில் நின்றிருக்கும்.

இந்தக் கட்டளைகள் அனைத்தையும் வரிசையாகப் பதிந்து ஒரே பட்டனில் வைப்பதற்குப் பெயர் மேக்ரோ. பல கருவிகளின் ரிமோட் வேலையை ஒன்றே செய்யும் யுனிவர்சல் ரிமோட்டில் இதைப் பதிவார்கள். பட்டனை ஒருமுறை அழுத்தினால், நாம் பதிந்த வரிசைப்படி ரிமோட் ஒவ்வொரு கட்டளையாக அனுப்பும். இது புதிய யோசனையும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், சிஎல் 9 என்ற நிறுவனத்தின் மூலம் 1987-இல் 'கோர்' என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்களின் சிக்னல்களைக் கற்றுக்கொண்டு அவற்றை வரிசையாக அனுப்புவதை அதுவே செய்தது.

பதிவது பத்து நிமிட வேலை. ஆனால் பதிந்த மேக்ரோ ஒருநாள் சரியாக ஓடும், மறுநாள் டிவியை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் ஆன் செய்யும். வெறுத்துப்போய்ப் பலர் பழையபடி மூன்று ரிமோட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் தவிர்ப்பது கடினமில்லை. அதற்கு முதலில் ரிமோட்டுக்கும் கருவிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு மின்னச் செய்கிறது. பெரும்பாலான கருவிகளுக்கு இந்த மின்னல் வேகம் ஒரு விநாடிக்குச் சுமார் 38,000 முறை. சூரிய வெளிச்சம், டியூப்லைட், விளக்கு எல்லாவற்றிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால், இந்தக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் கருவி கவனிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் துடிப்புகளின் நீளத்திலும் இடைவெளியிலும்தான் 'இது எந்தக் கருவிக்கு, என்ன கட்டளை' என்ற தகவல் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் என்ஈசி முறையில் ஒரு கட்டளையை அனுப்ப 67.5 மில்லிவிநாடி ஆகும். சோனி ரிமோட்களோ ஒரே கட்டளையை 45 மில்லிவிநாடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து மூன்று முறை அனுப்பும். (ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் முனையை மொபைலின் செல்ஃபி கேமரா முன் நீட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். பல மொபைல்களில் அந்த ஒளி ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும்.)

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்று: இது ஒருவழிப் பேச்சு. ரிமோட் சொல்லும், கருவி பதில் தராது. டிவி இப்போது ஆன் ஆகியிருக்கிறதா, கட்டளை போய்ச் சேர்ந்ததா, நடுவில் சோபாவோ குழந்தையோ மறைத்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. நாம் கையால் அழுத்தும்போது நம் கண் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. டிவி வரவில்லையென்றால் இன்னொரு தடவை அழுத்துகிறோம். மேக்ரோவில் அந்தக் கண் இல்லை. ஆகவே கருவி எந்த நிலையில் இருந்தாலும் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் கட்டளைகளை மட்டும் வைத்து மேக்ரோவைக் கட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இதற்கான வழிகள்தான்.

முதல் எதிரி பவர் பட்டன். பெரும்பாலான ரிமோட்களில் ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே பட்டன்தான். அது அனுப்பும் சிக்னலின் பொருள் 'ஆன் ஆகு' என்பதல்ல, 'இப்போது இருக்கும் நிலையை மாற்று' என்பது. இதை டாகிள் என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகப் போடும் டூவே சுவிட்ச் மாதிரி. சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து மாடி விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது, தட்டினால் மாறும் என்பது மட்டும் நிச்சயம். யாராவது டிவியை மட்டும் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தால், டாகிள் கட்டளை கொண்ட மேக்ரோ அதை அணைத்துவிடும். ரிசீவரும் செட்டாப் பாக்ஸும் ஆன் ஆகும். அதன்பிறகு மேக்ரோவை எத்தனை முறை அழுத்தினாலும் இந்த ஏறுமாறு அப்படியே தொடரும், ஏனென்றால் மூன்றுமே ஒன்றாகத்தான் நிலை மாறுகின்றன.

இதற்கு மருந்து டிஸ்கிரீட் கோடு எனப்படும் தனிக் கட்டளை. ஆன் என்றால் ஆன் மட்டும். ஏற்கெனவே ஆனில் இருக்கும் கருவிக்கு அதை அனுப்பினால் ஒன்றுமே நடக்காது. ஆஃப் கட்டளையும் அப்படியே. கம்பெனி தரும் ரிமோட்டில் இதற்குப் பட்டன் இல்லாவிட்டாலும் பல டிவிகள் இந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும். சோனி டிவிகளின் அகச்சிவப்பு முறையில் 21-ஆம் கட்டளை பவர் டாகிள், 46 ஆன் மட்டும், 47 ஆஃப் மட்டும். ரிமோட்டில் நாம் பார்ப்பது 21-ஐ அனுப்பும் பட்டனைத்தான். மற்ற இரண்டும் பட்டனே இல்லாமல் உள்ளே காத்திருக்கின்றன. சாம்சங் டிவிகளிலும் இப்படித் தனி ஆன், தனி ஆஃப் கட்டளைகள் உண்டு. பல யமாஹா, ஆன்கியோ ரிசீவர்களின் ரிமோட்டிலோ ஆனுக்கு ஒன்று, ஸ்டாண்ட்பைக்கு ஒன்று என்று பட்டனே தனித்தனியாக இருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

உங்கள் யுனிவர்சல் ரிமோட்டின் கோடு பட்டியலில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று தனித்தனியாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் கருவியின் மாடல் பெயரோடு டிஸ்கிரீட் கோடு என்று இணையத்தில் தேடினால், ஆர்வலர்கள் தொகுத்து வைத்த பட்டியல்கள் கிடைக்கும்.

அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பழைய உத்தி இருக்கிறது. சில டிவிகள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது நம்பர் பட்டனையோ சேனல் பட்டனையோ அழுத்தினாலே விழித்துக்கொள்ளும். உங்கள் டிவி அப்படிப்பட்டதா என்று சோதித்துப் பாருங்கள். ஆம் என்றால், அந்தப் பட்டனையே 'ஆன்' கட்டளையாக வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சேனல் மாறும், அவ்வளவுதான். ஆஃப் செய்வதற்கும் இதே வழி உதவும்: முதலில் சேனல் பட்டன், அது விழித்து முடிக்கும்வரை சில விநாடி இடைவெளி, பிறகு பவர். முதல் கட்டளை டிவியை நிச்சயமாக ஆன் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதால், அடுத்து வரும் டாகிள் நிச்சயமாக ஆஃபில்தான் முடியும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. நிலை தெரியாத கருவியை முதலில் தெரிந்த நிலைக்கு இழுத்துவந்து, அங்கிருந்து தொடங்குவது.

இன்புட் மாற்றுவதிலும் அதே சிக்கல். டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தினால் பட்டியல் வரும், அதில் கீழே மூன்று தடவை போய் ஓகே அழுத்தினால் எச்டிஎம்ஐ 2 என்று பதிந்து வைப்பார்கள். பட்டியல் முந்தைய இன்புட்டிலிருந்து தொடங்குகிறது என்றால் இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் போய் நிற்கும். ஒரு புதிய பென் டிரைவைச் செருகினாலே பட்டியலின் நீளம் மாறிவிடலாம். இங்கேயும் 'எச்டிஎம்ஐ 2' என்று நேராகச் சொல்லும் கட்டளையைத் தேட வேண்டும். ஏவி ரிசீவர்கள் இதில் நல்லவை. புளூ-ரே, கேபிள், கேம் என்று ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேரடிப் பட்டன் வைத்திருப்பார்கள்.

இதைவிட நல்ல வழி, அந்தக் கட்டளையின் தேவையையே இல்லாமல் செய்வது. எல்லாக் கருவிகளையும் ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ வயரை டிவிக்குக் கொண்டுபோனால் டிவி எப்போதும் அதே இன்புட்டில் நிற்கும். மேக்ரோவில் டிவி இன்புட்டுக்கு வேலையே இல்லை. செட்டாப் பாக்ஸின் பவர் கட்டளையையும் நான் மேக்ரோவில் சேர்க்க மாட்டேன். பல பாக்ஸ்களில் டாகிள் மட்டுமே இருக்கிறது. ரிமோட்டால் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் உள்ளே விழித்தபடிதான் இருக்கும். அதை ஆனிலேயே விட்டுவிட்டு, வெளியூர் போகும்போது மட்டும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பது நல்லது. மேக்ரோ எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாகத்தான் தவறும்.

அடுத்தது நேரம். ரிசீவரை ஆன் செய்தவுடன் உள்ளே 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்கும் வரை சில விநாடி ஆகும். அந்த நேரத்தில் வரும் இன்புட் கட்டளையைப் பல ரிசீவர்கள் கண்டுகொள்ளாது. ஸ்மார்ட் டிவிகளும் அப்படியே, திரை வந்த பிறகும் கொஞ்ச நேரம் ரிமோட்டுக்கு மசியாது. ரிமோட்டோ ஒரு விநாடிக்குள் நான்கைந்து கட்டளைகளைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடும். ஆகவே ஆன் கட்டளைக்கும் இன்புட் கட்டளைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் கருவிதான் சொல்லும்: அணைந்திருக்கும் ரிசீவரை ஆன் செய்து, இன்புட் பட்டனை விநாடிக்கு ஒருமுறை அழுத்தி, எப்போது ஏற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதோடு ஒன்றிரண்டு விநாடி கூட்டி வைப்பது பாதுகாப்பு.

இடைவெளியை வெறுமனே காத்திருந்து கழிக்காமல், வரிசையை மாற்றிப் பாதி மிச்சம் பிடிக்கலாம். எழுந்திருக்க அதிக நேரம் எடுக்கும் கருவிக்கு முதலில் ஆன் கட்டளை. லாம்ப் புரொஜெக்டர் இருந்தால் அதுதான் முதலில், பிறகு ரிசீவர், பிறகு பிளேயர், கடைசியில் இன்புட் தேர்வு. புரொஜெக்டர் சூடேறிக்கொண்டிருக்கும்போதே மற்றவை தயாராகிவிடும். இடைவெளி சேர்க்கும் வசதியே இல்லாத மலிவான ரிமோட்களில், எந்த விளைவும் இல்லாத 'எக்ஸிட்' போன்ற பட்டனை நடுவில் பலமுறை பதிந்து நேரத்தை நிரப்புவார்கள். அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும்.

இடைவெளி நீண்டால் வேறொரு தொல்லை முளைக்கும். பட்டனை அழுத்தியதும் ரிமோட்டைக் கீழே வைப்பதுதான் மனித இயல்பு. மேக்ரோ எட்டு விநாடி ஓடுமென்றால் அந்த எட்டு விநாடியும் ரிமோட் கருவிகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்பாதிக் கட்டளைகள் சோபாவுக்குத்தான் போய்ச் சேரும். வீட்டில் எல்லோருக்கும் இதை ஒருமுறை நேராகக் காட்டிவிடுங்கள்: "பாட்டி, படம் வர்ற வரைக்கும் டிவியைப் பார்த்தே பிடிச்சுக்கோங்க." மேக்ரோ 'சரியாக வேலை செய்வதில்லை' என்ற புகார்களில் பல இந்த ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிடும்.

இனி பதிவது. ரிமோட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு, செய்தி பார்க்கும் மேக்ரோ இவ்வளவுதான்: ரிசீவர் ஆன், டிவி ஆன், ஆறு விநாடி இடைவெளி, ரிசீவர் இன்புட் கேபிள். புளூ-ரே பார்க்க இதில் பிளேயர் ஆன் சேர்ந்து, இன்புட் மட்டும் மாறும். எழுதிய வரிசையை அசல் ரிமோட்களை வைத்துக் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். கையால் செய்தபோது ஓடாத வரிசை மேக்ரோவில் ஓடாது.

எடுத்துக்காட்டாக ஒன் ஃபார் ஆல் ரிமோட்களின் பல மாடல்களில் இப்படிச் செய்வார்கள். மேஜிக் என்று எழுதிய பட்டனை விளக்கு இரண்டு முறை மின்னும் வரை அழுத்திப் பிடித்து, 995 அடிக்க வேண்டும். விளக்கு மறுபடி இரண்டு முறை மின்னும். எந்தப் பட்டனில் மேக்ரோ வேண்டுமோ அதை ஒருமுறை அழுத்தி, பிறகு கட்டளைகளை வரிசையாக அழுத்தி, கடைசியில் மேஜிக் பட்டனை மீண்டும் அழுத்திப் பிடித்தால் பதிந்துவிடும். புதியவர்கள் இங்கே தவறவிடுவது கருவி மாற்றும் பட்டன்களை. யுனிவர்சல் ரிமோட் ஒரு நேரத்தில் ஒரு கருவியின் ரிமோட்டாகத்தான் நடந்துகொள்ளும். ஆகவே 'ஆம்ப்' (ரிசீவருக்கான பட்டன்) அழுத்தி ஆன், 'டிவி' அழுத்தி ஆன், மறுபடி 'ஆம்ப்' அழுத்தி இன்புட் என்று கருவி மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பட்டனும் வரிசையில் வர வேண்டும். மேக்ரோ முடியும்போது ரிமோட் கடைசியாகச் சொன்ன கருவியிலேயே நிற்கும் என்பதால், இறுதியில் செட்டாப் பாக்ஸுக்கான பட்டனையும் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அடுத்து அழுத்தும் சேனல் நம்பர் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

பட்டியலில் இல்லாத கருவியின் சிக்னலை அசல் ரிமோட்டிலிருந்து கற்கவைக்கலாம். இரண்டு ரிமோட்களையும் முனையோடு முனை பார்க்கும்படி சில சென்டிமீட்டர் இடைவெளியில் மேஜைமேல் வைத்து, வெயிலும் டியூப்லைட் வெளிச்சமும் நேராக விழாதபடி செய்யுங்கள். இதில் ஒரு நுணுக்கம். பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் ஒவ்வொரு முறை பட்டனை விட்டு அழுத்தும்போதும் சிக்னலில் ஒரு பிட் மாறும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறோமா, இருமுறை அழுத்தினோமா என்று கருவி அதைக்கொண்டுதான் பிரித்தறியும். கற்றுக்கொண்ட ரிமோட் எப்போதும் ஒரே நகலை அனுப்பினால், மேக்ரோவில் அடுத்தடுத்து வரும் ஒரே பட்டன், சேனல் 11 போல, ஒருமுறை அழுத்தியதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். அந்த வகைக் கருவிக்குக் கற்கவைப்பதைவிட ரிமோட்டிலேயே இருக்கும் கோடு நல்லது.

இன்னொரு பக்கம் எச்டிஎம்ஐ சிஇசி இருக்கிறது. எச்டிஎம்ஐ வயருக்குள்ளேயே ஓடும் ஒரு தனிக் கம்பி வழியாகக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க். பிளேயரில் டிஸ்க் போட்டு பிளே அழுத்தினால் டிவி தானாக விழித்து அந்த இன்புட்டுக்கு மாறும். டிவியை அணைத்தால் மற்றவையும் அணையும். இரண்டே கருவி உள்ள வீட்டுக்கு இதுவே போதும், மேக்ரோ தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் சிஇசியையும் மேக்ரோவையும் சேர்த்து ஓடவிட்டால் எச்சரிக்கை வேண்டும். மேக்ரோ டிவியை ஆன் செய்கிறது, டிவி சிஇசி வழியாக ரிசீவரை எழுப்புகிறது, இரண்டு விநாடி கழித்து மேக்ரோவின் டாகிள் கட்டளை வந்து அதே ரிசீவரை அணைக்கிறது. காரணம் தெரியாமல் பலர் ரிசீவர் பழுது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். தனி ஆன் கட்டளை இருந்தால் இந்த மோதல் வராது. இல்லையென்றால் இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டிக்கில் அகச்சிவப்பை வாங்கும் கண் கிடையாது, அதன் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. உங்கள் யுனிவர்சல் ரிமோட் அகச்சிவப்பு மட்டும் அனுப்புவதென்றால் ஸ்டிக்கை நேரடியாக இயக்க முடியாது. மேக்ரோ டிவியையும் ரிசீவரையும் தயார் செய்யட்டும், ஸ்டிக்கை அதன் ரிமோட்டிலேயே இயக்குங்கள். வைஃபையில் இயங்கும் அகச்சிவப்பு அனுப்பிகளும் இப்போது கிடைக்கின்றன. பிராட்லிங்க் ஆர்எம்4 மினி போன்ற ஒன்றை அலமாரிக்கு எதிரே வைத்துவிட்டால், ரிமோட்டை நீட்டிப் பிடிக்கும் பிரச்சினை இல்லை. அதை அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவோடு இணைத்தால், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் அதன் 'ரொட்டீன்' வசதியில் கட்டளைகளுக்கு நடுவே விநாடிக் கணக்கில் இடைவெளியும் சேர்க்கலாம். டாகிள் சிக்கல் மட்டும் அங்கேயும் அப்படியே இருக்கும்.

லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்கள் இதை வேறுவிதமாக அணுகின. எந்தக் கருவியை ஆன் செய்தோம் என்பதை ரிமோட்டே நினைவில் வைத்துக்கொண்டு, 'டிவி பார்'-இலிருந்து 'படம் பார்'-க்கு மாறும்போது தேவையான கட்டளைகளை மட்டும் அனுப்பும். யாராவது அசல் ரிமோட்டால் ஒன்றை அணைத்திருந்தால் நினைவும் நிலையும் பிசகும். அதற்காகவே 'ஹெல்ப்' பட்டன் வைத்து, டிவி ஆனில் இருக்கிறதா என்று நம்மையே கேட்டுச் சரிசெய்துகொள்ளும். ரிமோட்டுக்குக் கண் இல்லை என்ற குறையை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட கருவி அது. 2021-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழையது யாரிடமாவது இருந்தால் தூக்கிப்போடாதீர்கள்.

அணைக்கும் மேக்ரோவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆன் மேக்ரோவையே மறுபடி அழுத்தி அணைக்கலாம் என்று டாகிளை நம்பி விடுவார்கள். தனியாக ஒரு பட்டன் கொடுங்கள், அதில் ஆஃப் கட்டளைகள் மட்டும் இருக்கட்டும். புரொஜெக்டர் இருந்தால், பல மாடல்கள் பவர் அழுத்தியதும் 'அணைக்கவா?' என்று திரையில் கேட்டு இரண்டாவது அழுத்தலுக்குக் காத்திருக்கும். ஆகவே அதே கட்டளையை ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை பதிய வேண்டும். சவுண்ட் அளவையும் இங்கே யோசிக்கலாம். இரவு கூட்டி வைத்த வால்யூம் காலையில் அப்படியே அலறக்கூடாது. டெனான் போன்ற ரிசீவர்களின் அமைப்பில் ஆன் ஆகும்போது வால்யூம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கலாம். மேக்ரோவில் வால்யூமைக் குறைத்துக் கூட்டுவதைவிட அது மேல்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. மூன்று கருவிகள், ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப் என்றால் மொத்தம் 8 தொடக்க நிலைகள். எட்டையும் கையால் அமைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மேக்ரோவை அழுத்திப் பாருங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு விட்டால், கரண்ட் போய் வந்த நாளில் மாட்டிக்கொள்வீர்கள். மின்சாரம் திரும்பும்போது சில கருவிகள் ஸ்டாண்ட்பைக்கு வரும், சில தானாகவே ஆன் ஆகும். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் முழுதாகத் தொடங்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும், அந்த நேரத்துக்கு எந்த மேக்ரோவும் ஈடுகொடுக்காது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்து அழுத்தச் சொல்ல வேண்டும்.

வரிசை எழுதிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். ரிசீவரை மாற்றும்போதோ ரிமோட் பழுதாகும்போதோ மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. அசல் ரிமோட்களையும் பேட்டரியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யுனிவர்சல் ரிமோட்டில் இல்லாத ஏதாவது ஒரு செட்டிங்ஸ் பட்டன் என்றைக்காவது தேவைப்படும்.